எங்கள் தெருக்களில் கணக்கெடுக்கும் பெண்களை ஆய்வாளர்களாக்குங்கள்

சென்னையின் பொருளாதாரப் பேராசிரியர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும்,

வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என எங்கள் பகுதி உங்களுக்குப் புதிதல்ல. மீன் விற்பவர்கள், பழைய பொருள் பொறுக்குபவர்கள், வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர்கள் ஆகியோரைப் பற்றிய உங்கள் ஆய்வுகளுக்குத் தரவு இங்கிருந்துதான் போகிறது. அதை வீடு வீடாகப் போய் எடுத்துத் தருபவர்களில் எங்கள் மாணவிகளும் உண்டு. ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. கட்டுரை வரும்போது அவர்கள் பெயர் இருக்காது. இருந்தால் அடிக்குறிப்பில் ‘களப்பணியில் உதவியோர்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

என் மாணவி ஒருத்தி காசிமேட்டுக்குப் படிவத்தோடு போனாள். ‘உங்கள் சராசரி மாத வருமானம் எவ்வளவு?’ என்பது கேள்வி. மீன் விற்கிற அம்மா கையை விரித்துவிட்டார். மாதச் சம்பளமா வாங்குகிறார், சொல்வதற்கு? இவள் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள். “இன்னிக்கு ஏலத்துல கூடை எவ்ளோக்கு எடுத்தீங்கம்மா? ஐஸுக்கு எவ்ளோ போச்சு? ஆட்டோவுக்கு? தண்டல்காரருக்கு எவ்ளோ கட்டணும்?” கணக்கு தானாக வந்து விழுந்தது. தண்டல் என்னும் அன்றாடம் வசூலிக்கும் கடன் போக, சில நாள் கையில் எதுவும் நிற்பதில்லை என்பதும் தெரிந்தது. அந்தத் திட்டத்தின் படிவமே பிறகு அவள் கேட்ட வரிசையில் மாற்றி எழுதப்பட்டது. அறிக்கையில் அவள் பெயர் இல்லை.

எதைக் கேட்டால் உண்மை கிடைக்கும் என்று கண்டுபிடிப்பது ஆய்வு இல்லையென்றால் வேறு எது ஆய்வு? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே கணக்கெடுக்க அனுப்பினார். அவர்கள் எழுதியதைத் தொகுத்து 1918-இல் நூலாகவே கொண்டுவந்தார். அந்தக் கிராமங்களுக்குப் பின்னாளில் மீண்டும் போய் மறு ஆய்வு செய்தார்கள். சொந்த ஊரை நன்றாக அறிந்த மாணவரை எழுதவைப்பது நம் துறையில் நூறாண்டு பழைய வழக்கம். அதை எங்கள் பெண்களுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெயர் போடுவதோடு வேலை முடிந்துவிடாது என்பதும் தெரியும். ஹெதர் சார்சன்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் அமெரிக்கப் பொருளாதாரத் துறைகளை ஆராய்ந்து காட்டியது இது: தனியாகக் கட்டுரை எழுதினால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பணி நிரந்தரம் ஏறக்குறைய ஒரே மாதிரி கிடைக்கிறது, ஆண்களோடு சேர்ந்து எழுதினால் பெண்ணுக்குச் சேரவேண்டிய மதிப்பு குறைந்துவிடுகிறது. ஆகவே யார் எதைச் செய்தார் என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் ‘கடின உழைப்பாளி, பணிவானவர்’ என்று நிறுத்தாமல், அந்தப் பெண் எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தாள் என்று எழுதுங்கள்.

இதற்கெல்லாம் பலன் இருக்குமா என்று கேட்பீர்கள், நம் தொழில் அப்படி. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் பெண்களுக்கென்று 1971-இல் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 2004 முதல் இளம் பெண் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் பயிலரங்கு நடத்தியது. விண்ணப்பித்தவர்களில் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட அதிகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள், அதிக ஆய்வு நிதியும் பெற்றார்கள். செலவு என்று பார்த்தால் சில நாள், சில மூத்த பேராசிரியர்கள். இரண்டும் சென்னையில் இருக்கின்றன.

எங்கள் எம்.ஏ. வகுப்பில் பெண்கள்தான் அதிகம். முடித்ததும் வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., அதுவும் இல்லையென்றால் வரன். “பிஎச்.டி. படிச்சா என்னம்மா கிடைக்கும்?” என்று அப்பா கேட்பது நியாயமான கேள்வி. ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உண்டு, 2023 முதல் அதுதான் தொகை. இதைப் பேராசிரியர் ஒருவர் வாயால் கேட்டால் வீட்டில் பேச்சே மாறுகிறது. கண்ணால் பார்த்திருக்கிறேன். அதேபோல, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைப்படி ஆய்வு மாணவிகளுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும், ஆய்வை முடிக்கும் காலவரம்பில் கூடுதலாக 2 ஆண்டும் உண்டு. பதிவு செய்யும் அன்றே, கேட்காமலே, இதைச் சொல்லிவிடுங்கள். கர்ப்பமான பிறகு தயங்கித் தயங்கி வந்து கேட்கவைக்காதீர்கள்.

அப்புறம், கருத்தரங்குகளின் நேரம். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது, போக்குவரத்து எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் மாலை நாலரைக்குத் தொடங்கும் கூட்டம் முடிந்து, தேநீரோடு நடக்கும் பேச்சும் முடிந்து, எர்ணாவூரில் வீடு சேரும்போது என்ன நேரமாகும்? அடுத்த திட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்று பேசப்படுவது அந்தத் தேநீரின்போதுதான். காலை பதினொன்றுக்கு வையுங்கள். சில கருத்தரங்குகளை இங்கேயே, எங்கள் கல்லூரிகளிலேயே நடத்துங்கள். அறை, புரொஜெக்டர், கேட்க ஆட்கள் எல்லாம் தயார்.

இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். வடசென்னையில் நடக்கும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் ஒரு மாணவியையாவது படிவம் தயாரிக்கும் கட்டத்திலிருந்து கட்டுரை எழுதும் கட்டம் வரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். யாரை என்று கேட்டால், பெயர்கள் என்னிடம் இருக்கின்றன.

அன்புடன்,
வடசென்னைக் கல்லூரி ஒன்றின் பொருளாதார ஆசிரியை