வெட்டும் முன் பொந்து இருக்கிறதா என்று பாருங்கள்

நம் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கார் நிறுத்துமிடத்துக்கு மேல் நீண்டிருந்த குல்மோஹர் கிளையைப் போன வாரம் ஏன் வெட்டினீர்கள் என்பது தெரியும். பெங்களூரின் கோடை மழைக்குப் பட்டுப்போன கிளை முறிந்து விழும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் அதில் குக்குறுவான் கூடு இருக்கிறது, குஞ்சுகள் பறக்கும்வரை பொறுங்கள் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். பதில்கூட வரவில்லை.

கிளை விழுந்த பிறகும் தாயும் தந்தையும் பொழுது சாயும்வரை அலகில் அத்திப்பழத்தோடு அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தன. உட்காரக் கிளையில்லாமல் அந்தரத்தில் சிறகடித்துவிட்டு, கம்பியில் போய் அமரும். பழத்தை விழுங்காமல் மறுபடி வரும். கீழே நின்ற பிள்ளைகளுக்கு என்ன சொல்வதென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

விடிந்ததும் 'குட்ரூ குட்ரூ' என்று ஓயாமல் கேட்குமே, அந்தப் பச்சைப் பறவைதான் இது. சின்னக் குக்குறுவான். இந்தியத் தீபகற்பத்தை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. தென் அமெரிக்கக் காடுகளில் இதற்குத் தூரத்துச் சொந்தமான பஃப்பறவைகளில் சில, கறையான் புற்றைக் குடைந்து முட்டையிடும். நம் குக்குறுவானுக்கு இற்றுப்போன மரம்தான் வேண்டும். உறுதியான மரத்தைக் குடைய அதன் அலகால் ஆகாது. அது விட்டுப்போகும் பொந்தில் அப்புறம் வேறு சின்னப் பறவைகள் குடியேறும்.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெட்டும் முன் பொந்து இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை பொரிய இரண்டு வாரம், குஞ்சு வெளியேற ஐந்து வாரத்துக்குச் சற்றுக் கூடுதல். அதுவரை கீழே கயிறு கட்டி, கார்களை வேறிடத்தில் நிறுத்தினால் போதாதா?

மரம் விழுமென்று இவ்வளவு பயப்படும் நாம்தான் அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசியிருக்கிறோம். வேருக்குத் தண்ணீரும் காற்றும் போக வழியில்லை. பலவீனமாக்கியது நாம், தண்டனை மரத்துக்கு. சரி, அதைப் பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாம்.

பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. மிரட்டலாக இதைச் சொல்லவில்லை. தெரியாமல் நடந்துவிடக் கூடாதே என்றுதான்.

பின்வாசல் மரத்தில் இன்னொரு பட்ட கிளைக்குச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டிருக்கிறார்கள். அதிலும் பொந்து இருக்கிறது, பறவை உள்ளே போய் வருகிறது. அதன் இனப்பெருக்க காலம் முடியும் ஜூலை வரைக்கும் அந்தக் கிளையை விட்டுவைக்கும்படியும், இனி எந்தக் கிளையானாலும் பொந்து பார்த்த பிறகே ஆட்களை அனுப்பும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சி பிளாக்கில் குடியிருக்கும் உறுப்பினர்
பெங்களூரு