மாடியில் போடும் தரை, கீழே படிக்கும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் மூன்று பேர் வெவ்வேறு விதமாக ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். மாடியில் டைல்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது, அதன்மேல் எதற்குச் சத்தம் குறைக்கும் இன்னொரு தரை, அந்தப் பணத்துக்கு இரண்டு ஸ்மார்ட் போர்டு வாங்கலாமே என்று. அன்றைக்கு நேரமாகிவிட்டதால் "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இதோ எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

விஷயம் ஆரம்பித்தது ஒன்றாம் வகுப்பின் சொல்வதெழுதுதல் நோட்டுகளில். டிசம்பரில் ஒரு கட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் சொன்னது "வந்தான்". ஒரு நோட்டில் "வந்தாள்", இன்னொன்றில் "வந்தார்", சிலவற்றில் "வந்தா" என்று பாதியில் நின்றிருந்தது. எழுத்துத் தெரியாத பிள்ளைகள் இல்லை அவர்கள். நாலைந்து பேரை என் அறைக்குக் கூப்பிட்டு அதே சொற்களைச் சொன்னேன், பிழையில்லாமல் எழுதிக்கொடுத்துவிட்டு மிட்டாய் கேட்டார்கள். தமிழில் ஆணா பெண்ணா, மரியாதையா, ஒருவரா பலரா எல்லாமே சொல்லின் வாலில்தான் இருக்கிறது, அந்த வாலில் வரும் ன், ள், ர் எல்லாம் மெல்லிய ஒலிகள், சத்தம் வந்தால் முதலில் காணாமல் போவது அவைதான். நமக்கு அரைகுறையாகக் கேட்டாலும் மனசு மீதியை நிரப்பிக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளையிடம் நிரப்புவதற்கு இன்னும் சரக்கு சேரவில்லை, அது சேர்ப்பதற்குத்தானே நம்மிடம் அனுப்பியிருக்கிறீர்கள்.

மறுநாள் ஒன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். சாலைச் சத்தம் இருந்தது, மின்விசிறி முனகியது, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் டீச்சர் சமாளித்துவிடுகிறார். அவரைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தியது தலைக்கு மேலிருந்து வந்த சத்தம். மேலே ஆறாம் வகுப்பு, 40 பிள்ளைகள், 40 இரும்புக்கால் நாற்காலிகள். ஒவ்வொரு பீரியடுக்கும் ஆசிரியர் உள்ளே வந்ததும் எழுந்து வணக்கம் சொல்லும்போது நாற்காலி பின்னால் ஒரு இழுப்பு, உட்காரும்போது முன்னால் ஒரு இழுப்பு. நாளுக்கு 8 பீரியட் என்றால் 640 இழுப்பு, அதுவும் வணக்கம் சொல்வதற்கு மட்டும். மரியாதை மாடியில், தண்டனை கீழே! வணக்கத்தை நிறுத்திவிடலாமே என்று ஒரு ஆசிரியர் சொன்னார், அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

காற்றில் வரும் பேச்சுச் சத்தம் வேறு, கட்டடத்தைத் தட்டி வரும் சத்தம் வேறு. மாடியில் ஒருவர் பேசினால் கான்கிரீட் தளத்தின் கனமே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதே தளத்தின்மேல் நாற்காலிக்கால் உரசினால் தளமே அதிர்கிறது, மத்தளத்தின் தோல் மாதிரி, கீழே இருப்பவர்கள் அந்த மத்தளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை, மேல்வீட்டில் இஞ்சி தட்டுவது எத்தனை மணிக்கு என்று உங்களுக்கே தெரியும். அதற்கு நம் வீட்டுப் பெண்கள் எப்போதோ வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார்கள்: உரலுக்கு அடியில், கிரைண்டருக்கு அடியில் பழைய சாக்கை நாலாக மடித்துப் போடுவது. அடி தளத்துக்குள் இறங்குவதற்கு முன்பே அதை மெத்தென்று வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதிர்வு ஒருமுறை கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் சுவர் வழியாகவும் இறங்கும், அப்புறம் கீழே சீலிங் கட்டித் தடுப்பது செலவும் அதிகம், பலனும் அரைகுறை.

நாம் போடப்போகிற அக்கூஸ்டிக் வைனல், அதாவது சத்தம் குறைக்கும் பிளாஸ்டிக் தரைவிரிப்பு, அந்தச் சாக்கின் படித்த பேரன். சந்தையில் சுருட்டி வைத்து மீட்டர் கணக்கில் விற்கும் பிவிசி கார்பெட் என்று நினைக்காதீர்கள். மேலே தேய்மானத்தைத் தாங்கும் கெட்டியான படலம், நடுவே சுருங்காமல் பிடித்துக்கொள்ளக் கண்ணாடியிழை, அடியில் நுரை, எல்லாம் சேர்ந்து மூன்று, மூன்றரை மில்லிமீட்டர். சாதாரண மெல்லிய வைனல் காலடிச் சத்தத்தைச் சில டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைக்கும், நுரை வைத்த வகை 15 முதல் 19 டெசிபல் வரை குறைக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். இதைச் சோதிக்க ஆய்வுக்கூடத்தில் ஒரு யந்திரம் உண்டு. அரைக் கிலோ எடையுள்ள 5 சுத்தியல்கள் 4 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து நொடிக்கு 10 தட்டு தட்டும், கீழறையில் ஒலியை அளப்பார்கள். நம் ஆறாம் வகுப்பும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. நானும் போனில் ஒரு செயலி போட்டு அளந்து பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன், போனுக்குப் போன் மாறுகிறது.

"சத்தத்துக்கும் படிப்புக்கும் அவ்வளவு சம்பந்தமா?" என்று கேட்டவருக்காக. நியூயார்க் மன்ஹாட்டனில் பி.எஸ். 98 என்ற பள்ளி, பக்கத்திலேயே மேம்பாலத்தில் ரயில் ஓடும். அர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் இன்னொருவருடன் சேர்ந்து 1975-இல் வெளியிட்ட ஆய்வில், ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அதே பள்ளியின் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஒரு வருஷம் பின்தங்கியிருந்தார்கள். அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பொருத்தினார்கள். 1981-இல் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை.  எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர்களின் தொண்டையும் ஒரு கணக்கு. சுற்றிலும் சத்தம் கூடினால் நமக்கே தெரியாமல் நம் குரல் உயரும், இதை 1911-லேயே லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். நம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வெள்ளிக்கிழமை மதியம் எப்படிப் பேசுகிறார் என்று ஒருநாள் வந்து கேளுங்கள்.

இனி இந்தத் தரை செய்யாததையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். இது பேச்சுச் சத்தத்தைக் குறைக்காது. எதிரொலியையும் உறிஞ்சாது, அந்த விஷயத்தில் வைனலும் டைல்ஸும் ஒன்றுதான். எதிரொலிக்குக் கூரையிலும் சுவரிலும் மெத்தென்ற பொருள் வேண்டும், அது அடுத்த வருஷப் பேச்சு. (முட்டை அட்டை ஒட்டலாமே என்று அன்போடு சேர்த்துக் கொடுத்தீர்கள், நன்றி, அது உதவாது, கைவேலை வகுப்புக்கு எடுத்துக்கொண்டோம்.) பாடம் நடக்கும்போது பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்னது. சன்னல் திறந்து, மின்விசிறி ஓடும் நம் ஊர் வகுப்பறையில் அது நடக்கிற காரியமில்லை, அந்த எண்ணை நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவும் மாட்டேன்.

கீழ்த்தளத்துக்கு ஏன் போடவில்லை என்று கீழ்வகுப்புப் பெற்றோர் கோபித்துக்கொண்டீர்கள். கீழே மண்தான் இருக்கிறது, காப்பாற்ற வேண்டிய வகுப்பு இல்லை. அதோடு மண்ணிலிருந்து ஈரம் ஏறினால் பசை விட்டுப்போய் விரிப்பு கொப்புளம் கட்டும். மாடியில் போடுவதே உங்கள் பிள்ளைகளுக்காகத்தான்.

டைல்ஸை உடைக்கப் போவதில்லை. இடுக்குகளைப் பூசிச் சமப்படுத்தி, காய்ந்த பிறகு அதன்மேல் ஒட்டி, இணைப்புகளைச் சூடாக உருக்கிச் சேர்ப்பார்கள். மாடியில் 6 வகுப்பு, ஒவ்வொன்றும் 20-க்கு 20 அடி, ஆக 2,400 சதுர அடி, அதோடு வராந்தா. வந்த விலைப்பட்டியல்கள் மூன்றும் அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. மே மாதத்திலேயே முடித்து, சன்னல்களைத் திறந்துபோட்டு வாடை போனபிறகுதான் ஜூனில் பிள்ளைகள் உள்ளே வருவார்கள்.

ஒரு தவறும் ஒத்துக்கொள்கிறேன். அவசரப்பட்டு நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் வாங்கிவிட்டேன். ரப்பர் வைனலோடு ஒட்டிக்கிடந்தால் பழுப்புக் கறை ஏறும், அந்தக் கறை போகாது என்று பிறகுதான் தெரிந்தது. அவற்றைக் கீழ்வகுப்பு நாற்காலிகளுக்கு மாட்டிவிட்டோம், மாடிக்கு ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணிப் பட்டை வாங்குகிறோம். யாராவது அன்பளிப்பாக ரப்பர் மிதியடி தர நினைத்தால் வேண்டாம், தயவுசெய்து. பினாயிலும் வாளி வாளியாகத் தண்ணீரும் இனி மாடியில் கிடையாது, பிழிந்த மாப் மட்டும். துப்புரவு வேலை பார்க்கும் அக்காவிடம் சொன்னபோது "தண்ணி ஊத்திக் கழுவாத தரையெல்லாம் ஒரு தரையா சார்?" என்றார். அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் இந்தத் திட்டத்திலேயே கடினமான பகுதி என்று நினைக்கிறேன். வீட்டில் பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள், ஓரத்தை நகத்தால் உரித்துப் பார்க்கக் கூடாது.

ஆறாம் வகுப்பில் நாலு நாற்காலி நிற்கும் அளவுக்கு மாதிரித் துண்டு விரித்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒன்றாம் வகுப்பில் வந்து நில்லுங்கள். மேலே டைல்ஸ்மேல் ஒருமுறை, விரிப்பின்மேல் ஒருமுறை நாற்காலி இழுப்போம். எது எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடியுங்கள். திருப்தியில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள், இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.

வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் மாலை நாலு மணிக்கு நம் வாசலில் அதிகம் ஹாரன் அடிப்பது யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்