பயோ பிள்ளைக்குப் புவியியல் புத்தகம் கொடுங்கள்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும்,

வணக்கம். இந்தத் தவணைத் தொடக்கத்தில் நீங்கள் பெற்றோருக்கு அனுப்பிய அறிவித்தல் பற்றியே எழுதுகிறேன். அதில் இருப்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை, கையொப்பம் உங்களுடையது. வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்: உயர்தரத்தில் பயோ (உயிரியல்), மட்ஸ் (கணிதம்) பிரிவு மாணவர்கள் இனிமேல் தங்கள் பாட நூல்களை மட்டுமே நூலகத்தில் இரவல் எடுக்கலாம். தமிழ் மன்றம், நாடகம், சங்கீதம் ஒன்றுக்கும் பெயர் கொடுக்கக்கூடாது. பெறுபேற்றை உயர்த்துவதற்காம்.

என் மகள் தரம் 12, பயோ. போன கிழமை நூலகத்தில் உயர்தரப் புவியியல் நூல் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். பொறுப்பான ரீச்சர் அவளுடைய அட்டையைப் பார்த்துவிட்டு, “இது ஆட்ஸ்காரருக்கு, பிள்ளை” என்று, அதாவது கலைப்பிரிவுக்கு என்று, நூலைத் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டார். ரீச்சரோடு எனக்குக் கோபமில்லை. உங்கள் அறிவித்தலை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார்?

பிள்ளைக்கு அந்த நூல் ஏன் தேவைப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம். வீட்டுக் கிணற்றுக்கு அங்கால் முழுக்க வெங்காயத் தோட்டம். இரசாயனவியலில் நைத்திரேற்று படித்துவிட்டு வந்தவள், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அது எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தானாகத் தேடத் தொடங்கினாள். தோட்டத்தில் போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகி மழையோடு கீழே இறங்குகிறது. கீழே இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். வெடிப்பும் பொந்துமான அந்தக் கல் எதையும் வடிகட்டி நிறுத்தாது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது, வழுக்கியாறும் மாரிக்குத்தான் ஓடும். குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் அதே நிலத்தடி நீர். மலசலகூடக் குழிகள் கசிவதும் அதற்குள்தான். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மிஞ்சிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய் உடம்பு நீலம் பாரிக்கலாம்.

இதில் எது பயோ, எது ஆட்ஸ் என்று பிரித்துத் தருவீர்களா? யூரியா மாறுவது இரசாயனவியல். சுண்ணக்கல் புவியியல். நீலம் பாரித்த பிள்ளை மருத்துவம். உரத்தைக் குறையுங்கள் என்றால் கடன் பட்டு வெங்காயம் வைத்தவர் ஏன் தலையாட்டமாட்டார் என்பது பொருளியல். என் மகள் இரண்டை வகுப்பில் படிக்கிறாள், மூன்றாவதைத் தேடி நூலகத்துக்கு வந்தாள், நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். நாளைக்கு ஒரு தாய் நீலம் பாரித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும்போது, “எந்தக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தனீங்கள்?” என்று கேட்கிற டொக்டர் எங்களுக்கு வேண்டும். அந்தக் கேள்வி எந்தக் கடந்தகால வினாத்தாளிலும் வராமல் இருக்கலாம்.

ஆகவே கேட்கிறேன்: அந்த அறிவித்தலை மீளப்பெறுங்கள்.

பரிசளிப்பு விழாவில் விருந்தினர் விபுலாநந்த அடிகளைப் பற்றி உருகி உருகிப் பேசினார். நீங்களும் முன்வரிசையில் இருந்து கைதட்டினீர்கள். காரைதீவில் பிறந்த அடிகள் 1916இல் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தவர். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையும் சித்தியடைந்தார். 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் வரிகளை வைத்துக்கொண்டு, சுரங்களின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்து, வழக்கொழிந்த யாழை மீட்டு எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் காலமானார். கணக்கை எடுத்துவிட்டால் அந்த நூல் இல்லை, தமிழை எடுத்துவிட்டாலும் இல்லை. அவர் இன்று உங்கள் தரம் 12 விஞ்ஞானப் பிரிவில் இருந்தால் சிலப்பதிகாரத்தை இரவல் எடுக்கேலாது. சங்கீத அறைப் பக்கம் போனால் மாணவத் தலைவர் பெயர் எழுதிக்கொள்வார்.

அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்கே ஒரே மாணவனுக்குத்தான் படிப்பிக்கப்பட்டன. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார், சட்டம் படித்து நீதிபதியாக இருந்தார், கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். நல்ல காலம், அவருக்குப் பயோவா ஆட்ஸா என்று ஒருவரும் அட்டை கொடுக்கவில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் எனக்கும் தெரியும். பெற்றவள் நான், பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் நேரத்தைத் தின்பது நூலகமா? விடிய எழும்பி ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்ப ரியூசன், ஞாயிற்றுக்கிழமை அதே பாடத்துக்கு வேறொரு சேரிடம் ‘ரிவிஷன்’. இதைப் பற்றி அறிவித்தலில் ஒரு வரி இல்லை. அந்தச் சேர்களில் சிலர் உங்கள் ஆசிரியர் அறையில்தான் இருக்கிறார்கள் என்பதால் இருக்கலாம். சரி, அது இந்த மடலுக்குரிய விஷயமல்ல.

இதற்குள் ஆட்ஸ் பிள்ளைகளை எல்லோரும் மறந்துவிட்டோம். அவர்களுக்குத் தடை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், தடுக்கவேண்டிய அளவுக்கு ஒருவரும் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. ஓஎல் முடிந்த பிறகு அவர்கள் ஆய்வுகூடத்து வாசலை மிதிப்பதே இல்லை. புவியியல் படிக்கிற பிள்ளை கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் யாரிடம் போகும்? வாசலில் கட்டுகிற பதாகையில் டொக்டரும் எஞ்சினியரும் சிரிக்கிறார்கள். வரலாற்றில் ஏ எடுத்த பிள்ளையின் முகத்தை நான் அதில் கண்டதில்லை. பரீட்சைத் திணைக்களமாவது பரவாயில்லை, எந்தப் பிரிவென்றாலும் எழுதவேண்டிய பொதுவான ஒரு வினாத்தாளை உயர்தரத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் அந்தளவுகூட விடவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்காக நீங்கள் படுகிற பாடு பெற்றோருக்குத் தெரியும். மரியாதையோடு மீண்டும் கேட்பது இதுதான்: அறிவித்தலை மீளப்பெறுங்கள். முழுதாக உடனே முடியாதென்றால் நூலகம் பற்றிய பந்தியை முதலில் நீக்குங்கள். மன்றங்களைப் பற்றி அடுத்த நிறைவேற்றுக் குழுக் கூட்டத்தில் பேசலாம், நானும் வருகிறேன். ஆய்வுகூடத்தை மாதத்தில் ஒரு பின்னேரமாவது எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட முடியுமா என்றும் அன்றைக்கே பாருங்கள்.

பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள், மற்றப் பெற்றோருக்கும் காட்டவேண்டும். அந்தப் புவியியல் நூலை நான் ரவுணில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். எனவே இதை ஒரு பிள்ளைக்குக் கேட்ட சலுகை என்று கோப்பில் போட்டு மூடிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தரம் 12 மாணவி ஒருத்தியின் தாய்,
கோப்பாய்.