பட்டத்தைத் தூக்கிப் பிடித்தவர்களுக்கு

வணக்கம்.

போன சனிக்கிழமை, கதைகளில் வரும் பட்டங்களையும் சின்ன வயது நட்பையும் வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்தினோம். அதற்காக எத்தனை பேரைத் தொந்தரவு செய்திருக்கிறேன் என்பது மறுநாள் உட்கார்ந்து எண்ணியபோதுதான் தெரிந்தது. தனித்தனியாகப் போன் போட்டால் யாரையாவது விட்டுவிடுவேன். அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, கோலாலம்பூர் செந்தூலில் தன் கடை மேல்மாடியைத் திறந்துவிட்ட துணிக்கடை அண்ணனுக்கு. ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்த மண்டபம் வியாழக்கிழமை கைவிரித்துவிட்டது. அண்ணனிடம் போய் நின்றேன். "மேல துணி மூட்டை கெடக்கு, ஒதுக்கிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார். வாடகைப் பேச்சை எடுத்ததும் கோபம் வந்துவிட்டது அவருக்கு. பிள்ளைகள் மூட்டைகள் மேலேயே உட்கார்ந்து கதை கேட்டார்கள். நாற்காலி போட்டிருந்தால் அவ்வளவு நேரம் தாங்கியிருக்க மாட்டார்கள்.

கதை சொல்ல வந்த டீச்சர், காலித் ஹுசைனி எழுதி 2003இல் வெளிவந்த 'தி கைட் ரன்னர்' என்ற காபூல் நாவலை எடுத்துக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாத பகுதி அதில் உண்டு. அதை அவர் தாண்டிப் போன லாவகத்தை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். 1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு பட்டப் போட்டி. நூலை இழுத்து மற்றவர் பட்டங்களை அறுப்பவன் அமீர். நூல் சுற்றிய ராட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவனும், அறுந்த கடைசிப் பட்டத்தைத் துரத்தி ஓடுபவனும் ஹசன். அந்த வீட்டு வேலைக்காரரின் பிள்ளை. சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "அப்ப ஜெயிச்சது யாரு டீச்சர்? ரெண்டு பேருமா?" டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பட்டம் என்றாலே சுதந்திரம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாங்கள் பட்டம் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் காற்றுக்கு முதுகைக் காட்டி நூலைப் பிடிப்பான். இன்னொருவன் எதிரே தள்ளி நின்று, பட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பான். "விடு!" என்றதும் விடுவான். அத்தோடு அவன் வேலை முடிந்தது, அப்புறம் அண்ணாந்து பார்க்கலாம். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் நூல் என் கையில். தூக்கிப் பிடிப்பவன் பின்வரிசை வீட்டு நண்பன். தென்னை ஈர்க்கைச் சீவுவது, பழைய தமிழ் நேசன் நாளிதழ்த் தாளை வெட்டுவது, சோற்றுப் பசை தடவுவது எல்லாம் அவன்தான். பசை காயுமுன் நான் பறப்பேன். அவன் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இன்னும் ஈரம்டா" என்பான். ஒருநாள்கூட "நூலை நீ பிடி" என்று அவனிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இந்த மடல் அவன் கண்ணில் படலாம். சரி, படட்டும்.

கதை முடிந்து கெப்போங் மெட்ரோபாலிட்டன் பூங்காவுக்குப் போனோம். நாலு மணி மழை, நல்ல வேளை, அரைமணியில் விட்டது. மலிவு என்று நான் வாங்கி வந்திருந்தது தங்கூசி, அதாவது நைலான் நூல். பத்து நிமிடத்தில் ஒரு பையனின் விரல் அறுத்துக்கொண்டது. தப்பு முழுக்க என்னுடையது. கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டிய தாதி அக்காவுக்கும், என்னோடு சண்டைக்கு வராத அவன் அம்மாவுக்கும் நன்றி.

பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், கூப்பிடாமலே வந்தார். எங்கள் தாள் பட்டங்கள் தலைகுத்தி விழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை போல. சூத்திர முடிச்சை அவிழ்த்து விரலகலம் நகர்த்திக் கட்டினார். வாலில் ஒரு முழம் தாள் கூட்டினார். தன் பருத்தி நூலையும் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய 50 சென் நாணயம் ஒன்றை எடுத்து, அதிலிருக்கும் வாவ் புலான் என்ற மலாய்ப் பட்டத்தைக் காட்டினார். கீழே பிறை நிலாப் போல வால். நிஜ வாவில் தலைப்பக்கம் ஒரு வில் கட்டுவார்களாம், காற்றில் ரீங்காரம் போடுவது அதுதான். பிள்ளைகள் உடனே பாக்கெட்டைத் துழாவினார்கள். 1989இல் வந்த நாணய வரிசையில்தான் வாவ் இருக்கிறது. 2012இல் வந்ததில் இல்லை என்று தெரிந்து பலருக்கு ஏமாற்றம். பாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. அடுத்த வாரம் நேரில் போய் மலாயில் சொல்லிக்கொள்கிறேன்.

வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்த அத்தைக்கு: பாத்திரம் கழுவி வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்ட அந்தச் சிறுமி, பூங்காவில் தன் தோழியோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தாள். மூன்று தடவை நீ தூக்கு, மூன்று தடவை நான். இருட்டும் வரை கணக்கில் தகராறு. விழுந்ததையும் ஒரு தடவையாகச் சேர்க்கணும் என்று ஒருத்தி, கூடாது என்று மற்றவள். வேனில் ஏறிய பிறகும் அது தீரவில்லை.

கடைசியாக, மரத்தில் மாட்டிய பச்சைப் பட்டம் யாருடையது என்று இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். என்னுடையதுதான். நீலச் செருப்பு ஒற்றை ஒன்று என் வண்டியில் கிடக்கிறது. பிள்ளையின் காலைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாசிப்புக் குழுவின் சார்பில்