பிரேக் சத்தத்துக்குப் பேடை மாற்றுவது மட்டும் தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் மழைக்காலக் கார் பராமரிப்பு பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டயர், வைப்பர், பேட்டரி பற்றியெல்லாம் பயனுள்ள செய்திகள் இருந்தன. ஆனால் பிரேக்கைப் பொறுத்தவரை, சத்தம் கேட்டால் உடனே பேடை, அதாவது சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் பிரேக் கட்டையை, மாற்றிவிட வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது எனக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தது. மேட்டுப்பாளையத்தில் பல ஆண்டுகளாகப் பிரேக் வேலை மட்டுமே பார்க்கும் பட்டறை ஒன்றை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரி வாசகர்களுக்கு இரண்டு வகையில் தீங்கு செய்யும். சிலர் மாற்றத் தேவையே இல்லாத பேடை மாற்றிப் பணத்தை இழப்பார்கள். வேறு சிலர், பேடைத்தான் மாற்றிவிட்டோமே என்ற தைரியத்தில், சத்தத்துக்கு உண்மைக் காரணமான கோளாறை அப்படியே வைத்துக்கொண்டு ஊட்டிக்கு ஏறி இறங்குவார்கள்.

வண்டியைக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் ‘பிரேக்கில் சத்தம் வருகிறது’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்குத் தேவைப்படுவது அது எப்போது வருகிறது என்பதுதான். பிரேக்கை மிதிக்கும்போது வருகிறதா, மிதிக்காமல் ஓடும்போதா, காலையில் முதல் சில மிதிகளுக்கு மட்டுமா, வண்டியின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, திருப்பத்தில் மாறுகிறதா, பின்னோக்கி எடுக்கும்போது வருகிறதா, மலையிலிருந்து இறங்கிய பிறகு தொடங்கியதா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

மழைக்காலத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் ஒலியிலிருந்தே தொடங்குகிறேன். பேட் அழுத்திப் பிடிக்கும் அந்தச் சுழலும் தட்டான டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. நனைந்த வண்டி ஓர் இரவு நின்றாலே அதன் முகத்தில் மெல்லிய துரு படிந்துவிடும். மறுநாள் காலை முதல் நான்கைந்து மிதிகளில் உரசும் சத்தம் கேட்டு, துரு வழிக்கப்பட்டதும் தானாக நின்றுவிடும். இதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

பேட் தேய்ந்ததை அறிவிக்கும் ஒலி வேறு. பல பேடுகளில் சிறிய எஃகு நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பேடின் உரசும் பகுதியான லைனிங், புதிதில் 10 மில்லிமீட்டர் அளவில் இருந்தது தேய்ந்து 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு வரும்போது அந்த நாக்கின் நுனி டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சென்று ஒலிக்கும். பல வண்டிகளில் பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போதே இது கேட்கும். மிதித்தால் மாறும் அல்லது நின்றுவிடும். கட்டுரையாளர் சொன்ன வரி பொருந்துவது இந்த ஒலிக்குத்தான். இதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் லைனிங் முழுவதும் தீர்ந்து, பேடின் பின்தகடு இரும்போடு இரும்பாக டிஸ்க்கை அரைக்கத் தொடங்கும். அந்தக் கரகர சத்தம் கேட்ட வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது.

நல்ல பேடும் கீச்சிடும் என்பதை வாடிக்கையாளர்களுக்குப் புரியவைப்பதுதான் கடினம். பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பற்றிப் பற்றி வழுக்கும்போது எழும் அதிர்வு, டிஸ்க்கையும், பேடுகளைப் பிடித்து அழுத்தும் காலிப்பரையும் சேர்த்து ஒலிக்கவைத்துவிடுகிறது. இந்தத் தொல்லை டிஸ்க் பிரேக் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1902இல் இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது, செம்பு லைனிங் எழுப்பிய அலறலே அதன் பெரிய குறையாக இருந்தது. இன்று அதிர்வை அடக்க பேடின் முதுகில் ஷிம் எனும் தகடும், பேட் ஆடாமல் பிடிக்கக் கிளிப்புகளும் வருகின்றன. அவசரமாகப் பேட் மாற்றுபவர்கள் பழைய ஷிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு, தளர்ந்த கிளிப்பையே மீண்டும் மாட்டிவிடுகிறார்கள். புதுப் பேட் போட்ட பிறகுதான் சத்தம் தொடங்கியது என்று சொல்லி வருபவர்களின் வண்டியில் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். முதல் மிதியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தாலும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அண்மையில் கோவையிலிருந்து வந்த ஒரு காரைப் பற்றிச் சொன்னால் நான் கவலைப்படுவதன் காரணம் விளங்கும். சில மாதங்களுக்கு முன்புதான் வேறொரு பட்டறையில் முன்சக்கரப் பேடுகளை மாற்றியிருந்தார்கள். இடப்பக்கம் அரைக்கும் சத்தம். அலாய் வீலின் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் வெளிப்பேடில் லைனிங் பாதிக்கு மேல் இருந்தது. சக்கரத்தைக் கழற்றினால், உட்பேடில் லைனிங்கே இல்லை. டிஸ்க்கின் உள்முகம் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள். இந்தக் காரில் உள்ள வகைக் காலிப்பரில் பிஸ்டன் உட்பேடைத் தள்ளும். அந்த விசையில் காலிப்பர் மொத்தமும் ஸ்லைடு பின் எனும் இரண்டு கம்பிகளின் மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுக்கும். இந்த வண்டியில் ஒரு பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, அந்த ஸ்லைடு பின் துருவேறி இறுகிக் கிடந்தது. ஆகவே அந்தப் பக்கத்துப் பிரேக்கின் பாரம் முழுவதையும் உட்பேட் ஒன்றே சுமந்து தேய்ந்திருக்கிறது. முதலில் மாற்றிய அன்றே பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸைத் தடவி, புது ரப்பர் போட்டிருந்தால் டிஸ்க் தப்பியிருக்கும். கழற்றிய பழைய பேடுகளை உள், வெளி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே காரணம் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊரில் தனியாகவே சொல்ல வேண்டிய இன்னொன்று, மலை இறங்கிய பிறகு வரும் சத்தம். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அதிலிருந்து சுமார் 1,900 மீட்டர் கீழே. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மின்சாரக் கணக்கில் சொன்னால் ஆறு யூனிட். ஏறும் கியரிலேயே இறங்கினால் அதில் பெரும் பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டோ, மேல் கியரில் காலை பிரேக்கிலேயே வைத்தோ இறங்கினால் அத்தனையும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் வெப்பமாகப் போய்ச் சேரும். லைனிங்கின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும், கருகிய வாடை வரும், அதன் பிறகு ஒவ்வொரு மிதிக்கும் கீச்சிடும், பிடிப்பும் குறையும். டிஸ்க்கின் முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு அளவுக்குத் தடிமன் மாறினாலே போதும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், பெடல் காலில் துடிக்கும். இதோடு வந்தவருக்குப் பேடை மட்டும் மாற்றி அனுப்பினால் சில நாள்களிலேயே திரும்பி வருவார். டிஸ்க்கை அளந்து, அதன் மீதே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாது என்றால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். போகும் என்றால் மாற்றத்தான் வேண்டும். பிரேக் ஆயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மலைப்பாதையின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை போகும். எந்தச் சத்தமும் முன்கூட்டி எச்சரிக்காது.

பிரேக்கிலிருந்து வருவதாகத் தோன்றும் சில ஒலிகளுக்கும் பேடின் தேய்மானத்துக்கும் தொடர்பே இருக்காது. ஜல்லிச் சாலையில் போய்வந்த பிறகு, மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் விடாமல் தகரம் கிழிவது போலக் கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தூசித் தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கக்கூடும். வேகத்தோடு ஏறி, ஒரு பக்கம் திருப்பும்போது கூடி, மறுபக்கம் திருப்பும்போது குறையும் உறுமல் பெரும்பாலும் வீல் பேரிங்கினுடையது. பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதிலாக டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் உள்ளே சேர்ந்த லைனிங் தூளைச் சுத்தம் செய்தாலே பல நேரம் சத்தம் அடங்கிவிடும். ஈரச் சாலையில் அழுத்திப் பிடிக்கும்போது பெடல் அதிர்ந்து கடகடவென்று ஒலித்தால் அது, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

சத்தத்தை அடக்கச் சிலர் கையாளும் குறுக்கு வழிகளையும் தங்கள் நாளிதழ் கண்டித்து எழுத வேண்டும். லைனிங்கின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஆயிலோ கிரீஸோ தடவினால் சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. உப்புத்தாளில் பேடைத் தேய்த்துக் கொடுப்பதும், காரணத்தைப் பார்க்காமல் செய்தால், சில நாள் அமைதிக்குத்தான் உதவும். பேட் தேய்ந்ததால் இறங்கிய பிரேக் ஆயிலின் மட்டத்தை, பேடைப் பார்க்காமலே ஊற்றி நிரப்பிவிடுவதும் இதில் சேர்ந்ததுதான்.

கார் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வண்டியை விடும்போது, சத்தம் எப்போது வருகிறது என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து, அந்தச் சத்தம் வரும் விதத்தில் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பேடுகளை உள், வெளி பிரித்துக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இவற்றைச் செய்ய எந்த நல்ல பட்டறையும் மறுக்காது.

கோடை விடுமுறையில் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் நிறைய வரும். அதற்கு முன்பாகவே அந்தக் கட்டுரையின் பிரேக் பகுதியைத் திருத்தி, மலைப்பாதையில் இறங்கும் முறையையும் சேர்த்து விரிவாக வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரேக் பட்டறை நடத்தும் வாசகர்,
மேட்டுப்பாளையம்.