கடல் இல்லாத ஊருக்கும் ஒரு மேசை போடுங்கள்

எங்கள் பகுதியில் உயர்கல்வி வழிகாட்டி முகாம் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். போன முகாமில் என்ன நடந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் சிரித்தது வாசல் வரை கேட்டது.

அந்தப் பையன் ஒகேனக்கல் பக்கம். அப்பா பரிசல் ஓட்டுகிறவர். ஆற்றில் யாராவது மூழ்கினால் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அந்த வீட்டுப் பிள்ளை விடியற்காலை பஸ் பிடித்து, பென்னாகரத்தில் மாறி, டிபன்கூடச் சாப்பிடாமல் வந்து, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றான். கேட்டது ஒரே கேள்வி: "கடலுக்கடியில சிக்கின நீர்மூழ்கிக் கப்பல்லருந்து ஆளுங்களை மீட்கிற ஆபீசர் ஆகணும்னா என்ன சார் படிக்கணும்?"

"தர்மபுரியில கடல் எங்கப்பா இருக்கு?" என்றீர்கள். அப்புறம் கையில் ஒரு கேட்டரிங் கல்லூரி நோட்டீஸ்.

தப்பு என்னுடையதுதான். அமெரிக்கக் கடற்படை அதிகாரி சார்லஸ் மாம்சென் கதையை வகுப்பில் சொன்னவன் நான். 1925இல் எஸ்-51 என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியபோது தேடப் போனார். கண்ணில் பட்டது எண்ணெய்ப் படலமும் காற்றுக் குமிழிகளும்தான். மணி வடிவத்தில் ஒரு மீட்பு அறையை இறக்கலாம் என்று திட்டம் எழுதி அனுப்பினார். பதில் இல்லை. பிறகு அந்தத் திட்டம் போன அலுவலகத்துக்கே மாற்றலாகிப் போனால், அவருடைய கோப்பு அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தது! 1927இல் எஸ்-4 என்ற இன்னொரு நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது. உள்ளே உயிரோடிருந்த ஆறு பேர் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டும் காப்பாற்ற வழியில்லை. 1939இல் ஸ்குவாலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் 243 அடி ஆழத்தில் கிடந்தபோதுதான் அந்த யோசனையிலிருந்து வளர்ந்த அறை இறங்கியது. நான்கு நடையில் 33 பேர் மேலே வந்தார்கள். கோப்பு தூங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

நம் கடற்படையிலும் இந்த வேலை இருக்கிறது. 2025 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் 'நிஸ்தார்' கப்பலைச் சேர்த்ததே இதற்காகத்தான். அதில் வேலை செய்ய வீட்டு வாசலில் அலை அடிக்க வேண்டுமா? அப்படியென்றால் விமானப்படைக்கு மேகத்தில் குடியிருப்பவர்களைத்தான் எடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் என்றால் ஓசூர் கம்பெனி, இல்லையென்றால் பெங்களூரில் கட்டட வேலை என்று எப்போது முடிவு செய்தீர்கள்?

சரி, கோபம் போதும். கேட்பது ஒரு மேசை. முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்டிஏ தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, அதன் வழியாகக் கடற்படைக்குப் போக பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் வேண்டும், 19½ வயதுக்கு மேல் அந்தக் கதவு மூடிவிடும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அதில் உட்கார்ந்தால் போதும். ஓய்வுபெற்ற படைவீரர்கள் இந்த மாவட்டத்தில் இல்லாமலா போய்விட்டார்கள்?

அடுத்த முகாமில் அந்த மேசையைத் தயவுசெய்து போடுங்கள். தேதியை முன்கூட்டியே சொன்னால் பையனை நானே கூட்டி வருகிறேன், இந்த முறை சாப்பிட வைத்து.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
பென்னாகரம் வட்டம்