சயாமுக்குப் போனவர்களைப் பேயாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு சுங்கை சிப்புட்டில் ‘பேய் ரயில்’ ஓட்டினோம். பழைய ரயில் சாமான்களைத் தேடிச் சேர்த்துச் சிறிய அருங்காட்சியகம் அமைக்கப் பாடுபடும் இளைஞர்களுக்கு நிதி திரட்டும் முயற்சி அது. மண்டபத்துக்குள் பலகையும் கறுப்புத் துணியும் கொண்டு மூன்று பெட்டிகள் கட்டியிருந்தார்கள். ஆளுக்கு 5 வெள்ளி. டிக்கெட் கிழிக்கும் வேலை எனக்கு.

பிள்ளைகள் அலறிக்கொண்டு உள்ளே போனார்கள். சிரித்துக்கொண்டு வெளியே வந்து மறுபடியும் வரிசையில் நின்றார்கள். பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேயின் வேடமிட்ட பெண் இடையிடையே என்னிடம் வந்து தண்ணீர் குடித்துவிட்டு ஓடினாள். அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கடைசிப் பெட்டியைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துப்போயிற்று. கிழிந்த வேட்டியும் முகமெல்லாம் சாம்பலுமாக நான்கு பையன்கள். தலைக்கு மேல் ‘சயாம் மரண ரயில் ஆவிகள்’ என்று எழுதிய அட்டை.

என் தாத்தா 1943இல் தோட்டத்து லயத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர். சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஜப்பானியர் கொண்டுபோன பல்லாயிரம் மலாயாத் தமிழர்களில் அவரும் ஒருவர். அந்த ஆண்டு அக்டோபரில் பாதை இணைந்தது, அவர் திரும்பவில்லை. காலராவா, பட்டினியா, எதுவும் தெரியாது. இறந்த நாள் தெரியாததால் இன்றும் ஆடி அமாவாசையன்றுதான் அவருக்குப் படைக்கிறோம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதே பாதையில் மாண்ட போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. எங்கள் தாத்தாவுக்குப் பெயர் பொறித்த ஒரு கல் கிடையாது.

அந்தப் பையன்களைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒருவன் சாம்பலைத் துடைத்துக்கொண்டே, “எங்கள் பாட்டிக்கு அப்பாவும் அங்கே போனவர்தான், டீச்சர். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்” என்றான். பெட்டியை அப்போதே மூடிவிட்டார்கள்.

மற்ற ஊர்களிலும் இப்படி நிகழ்ச்சி நடத்துபவர்களுக்காகவே எழுதுகிறேன். மோகினி வரட்டும், பொந்தியானாக் வரட்டும். சயாமுக்குப் போனவர்களை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

இந்த இளைஞர்களுக்குப் பணத்தோடு பொருள்களும் வேண்டும். 1885இல் இந்நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. இன்று போர்ட் வெல்டில் தண்டவாளம் இல்லை. தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதிய நிலையப் பலகை நிற்கிறது. அந்த அளவுக்காவது நம் தடயம் அருங்காட்சியகங்களில் இருக்க வேண்டாமா? ரயில்வேயில் வேலை செய்த பெரியவர்களின் கைவிளக்கு, பித்தளைப் பொத்தான், சம்பளச் சீட்டு எதுவானாலும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் கொடுங்கள். சயாமுக்குப் போனவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், அவர் பெயரையும் புறப்பட்ட தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடைசிப் பெட்டி இருந்த இடத்தில் அந்தப் பெயர்களை எழுதி வைக்க இளைஞர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என் தாத்தாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்